மததானமும் நன்கொடையும்: இண்டிகநத்தத்தின் 71 வாக்குகள்

2024 ஏப்ரல் 29 அன்று மாதேஸ்வரன் மலையை அடுத்த இண்டிகநத்தம் வாக்குச்சாவடியில் மறுவாக்குப்பதிவு நடைபெற்றது. பட்டியலில் இருந்தோர் 528 பேர்; வாக்களித்தோர் 71 பேர். மூன்று நாள்களுக்கு முன்பு, ஏப்ரல் 26 அன்று, அதே சாவடியில் வாக்குப்பதிவு இயந்திரம் உடைத்து நொறுக்கப்பட்டிருந்தது. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை; ஆகவே வாக்கும் இல்லை என்பது சுற்றுவட்டச் சிற்றூர்களின் முடிவு. அதிகாரிகள் வந்து வற்புறுத்தினர். வாக்களிக்க விரும்பிய சிலர் முன்வந்தனர். வாக்குவாதம் கைகலப்பாயிற்று, கல் வீசப்பட்டது, தடியடி நடந்தது. அன்று மாலைக்குள் இந்தியத் தொலைக்காட்சிகள் அனைத்தும் உடைந்த இயந்திரத்தைக் காட்டின. அந்த ஊருக்குச் செல்லும் வழியை எந்தத் தொலைக்காட்சியும் அதே அக்கறையுடன் காட்டவில்லை.

செய்தித்தாள்களின் வாக்கிய அமைப்பை இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். 'கிராம மக்கள் இயந்திரத்தை உடைத்தனர்' என்பது செய்வினை; எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு. 'பல ஆண்டுகளாகச் சாலை அமைக்கப்படவில்லை' என்பது செயப்பாட்டுவினை. அமைக்காதவர் யார் என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. உடைத்ததற்கு எழுவாய்கள் ஏராளம். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவாயிற்று, கைதுக்கு அஞ்சி ஊரின் பெரும்பகுதி காட்டுக்குள் மறைந்தது. அமைக்காமைக்கு எழுவாயாக ஒருவரும் இதுவரை நிறுத்தப்படவில்லை. இலக்கண நூல்கள் செயப்பாட்டுவினையை வினையின் ஒரு வகையாக மட்டுமே விளக்குகின்றன. இந்திய நிருவாகத்தில் அது ஓர் ஆட்சிமுறை.

தமிழில் இந்நிகழ்வைக் குறிக்கப் பயன்பட்ட சொல் 'தேர்தல் புறக்கணிப்பு'. நல்ல சொல்தான், அது இருமுனை கொண்டது என்பதைப் பயன்படுத்தியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அரசு ஊரைக் கைவிடுவதும் புறக்கணிப்பு. ஊர் அரசின் சடங்கை மறுப்பதும் புறக்கணிப்பு. ஒரே வினையை இரு தரப்பும் செய்திருக்கின்றன. ஒரு தரப்பு ஒரு நாள் செய்தது, மறு தரப்பு தலைமுறைகளாகச் செய்தது. தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் முதலாவதற்கு மட்டுமே உள்ளன.

இந்த மலையைப் பற்றித் தமிழ்க் கல்விப்புலத்துக்குத் தெரிந்தவை மிகக் குறைவு. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூருக்குச் சென்றது. 1997இல் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. மலையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் இன்றும் தமிழ் பேசப்படுகிறது. மேட்டூர், பாலாறு வழியே மாதேஸ்வரனைக் காணச் செல்லும் தமிழர் கூட்டம் ஒருநாளும் குறைந்ததில்லை. ஆயினும் நம் கருத்தரங்குகளில் இந்த மலை வீரப்பனுடன் நுழைந்து வீரப்பனுடன் வெளியேறிவிடுகிறது. கூடுதலாகப் போனால் அதிரடிப்படையின் கொடுமைகள். அவை பேசப்பட வேண்டியவையே. மாதேஸ்வரன் மலையில் இருந்த அதிரடிப்படை முகாமில் மக்கள் அனுபவித்த சித்திரவதையைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது; 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்குமாறு ஆணையம் கூறியது. ஆகவே, 'அரசு எட்டாத குக்கிராமங்கள்' என்று இவ்வூர்களை வருணிப்பது பிழை. அரசு இங்கே வந்திருக்கிறது. காக்கிச் சட்டையில் வந்தது, வனக்காவலராக வந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது. 2013இல் 906 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலய அறிவிக்கையாகவும் வந்தது. வராதது சாலையாக, மின்கம்பமாக, குழாயாக மட்டுமே.

காவலரும் வாக்குப்பெட்டியும் ஏறி வந்த அதே வழியில்தான் நோயாளிகளை டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டியிருக்கிறது.

தலைவர்கள் இதற்குத் தரும் விடை எப்போதும் ஒன்றே: 'வனச்சட்டம் தடுக்கிறது.' கட்சி மாறினாலும் இவ்விடை மாறுவதில்லை. கேட்போர் அமைதியாகிவிடுவர், சட்டம் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. எனவே சட்டத்தையே பார்ப்போம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தில் எது சொல்லப்பட்டிருந்தாலும், காடுவாழ் மக்களுக்காக அரசு நடத்தும் 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. நிபந்தனைகள்: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாத நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபையின் பரிந்துரை வேண்டும். இதற்குத் தில்லி செல்ல வேண்டியதில்லை. பழங்குடியினர் நல அமைச்சகம் 2009இல் வகுத்த நடைமுறைப்படி கோட்ட வன அலுவலர் நிலையிலேயே ஒப்புதல் தரலாம்.

உடனே ஓர் எதிர்ப்பு எழும். அதில் நியாயமும் உண்டு. மூன்று மீட்டர் அகலச் சாலை என்றால், ஒரு ஹெக்டேர் நிலம் ஏறத்தாழ மூன்றேகால் கிலோமீட்டருக்குத்தான் போதும். மலை ஊர்களுக்கு அது எட்டாது. சரி. ஆனால் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு எத்தனை ஹெக்டேர் வேண்டும்? இருக்கும் தடத்தின் ஓரமாகவே புதைக்கும் மின்கம்பிக்கு எத்தனை மரங்களை வெட்ட வேண்டும்? சாலைக்கே கூட, ஒரு ஹெக்டேரைத் தாண்டினால் வழி அடைபட்டுவிடுவதில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, மத்திய அரசிடம் கேட்டு எடு என்று மட்டுமே சொல்கிறது. கேட்கும் பழக்கம் ஆட்சியாளர்களுக்கு நன்றாகவே உண்டு. 2024 ஜூனில் உருக்குத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற எச்.டி. குமாரசாமி, பதவியேற்றவுடன் கையெழுத்திட்ட கோப்பு பள்ளாரி மாவட்டம் சண்டூரில் உள்ள தேவதாரி இரும்புச் சுரங்கத்தைப் பற்றியது. அதற்குத் தேவைப்படும் காடு ஏறத்தாழ 400 ஹெக்டேர். நிறுவனம் பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதையும், மாநில வனத்துறை அமைச்சர் அந்நிலத்தை ஒப்படைக்கவேண்டாம் என்று தடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது முடிவை அன்று, வேகத்தை. 400 ஹெக்டேருக்கான கோப்பு அமைச்சரின் மேசை வரை நடந்து வருகிறது. ஒரு ஹெக்டேருக்கான கோப்பு வட்ட அலுவலகத்தில் பிறப்பதே இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? தலைவர்கள் தீயவர்கள் என்பது விடையாகாது. அரசியல்வாதிகளைத் திட்டுவது தேநீர்க்கடைப் பெஞ்சிலிருந்து பல்கலைக்கழக உணவகம் வரை நம் எல்லோருக்கும் எளிதாக வருவது. அது ஆய்வு அன்று, ஏப்பம். உண்மையான விடை அந்த வாக்குப்பதிவுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே அச்சிட்ட பட்டியலாக நாட்டின் முன் வைக்கப்பட்டிருந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் விவரங்களை வெளியிட்டது. பத்திரங்களை அதிகம் வாங்கியவர் பட்டியலில் முதலிடம் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்குச் சென்றது என்பது அக்கட்சியே ஆணையத்துக்கு அளித்த கணக்கு. இரண்டாம் இடம் மேகா இன்ஜினியரிங்: 966 கோடி. பெற்றவர்களில் பா.ஜ.க. 6,000 கோடியைத் தாண்டி எவரும் நெருங்க முடியாத உயரத்தில் நின்றது; திரிணாமுல் காங்கிரசும் காங்கிரசும் ஆயிரம் கோடிகளைக் கடந்து அதன் பின்னால் நின்றன. மாதேஸ்வரன் மலை அடங்கிய ஹனூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மதச்சார்பற்ற ஜனதா தளத்தைச் சேர்ந்தவர். தங்களுக்குக் கொடுத்தவர் பெயர்களை வெளியிட்ட மிகச்சில கட்சிகளுள் ஒன்று அக்கட்சி. அதற்காகப் பாராட்டலாம். அந்தப் பட்டியலிலும் மேகா இன்ஜினியரிங்கின் 50 கோடி இருந்தது.

இந்த எண்களைவிட முதன்மையானது இவை சாத்தியமான முறை. நிறுவனங்கள் சட்டத்தின் 182ஆம் பிரிவுப்படி, ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாமல் இருந்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. இலாபமே இல்லாத நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாயிற்று. யாருக்குக் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ரிசர்வ் வங்கி தயங்கியது. தேர்தல் ஆணையம் எதிர்த்து எழுதியது. ஒன்றும் தடுக்கவில்லை. அதற்கு முந்தைய கதை இன்னும் சுவையானது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் காங்கிரசும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியிருப்பதாக 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் அத்தீர்ப்பை எப்படி எதிர்கொண்டது? 2016 நிதிச் சட்டத்தின் வழியே 'வெளிநாட்டு நிறுவனம்' என்னும் சொல்லின் வரையறையையே மாற்றியது, அதுவும் முன்தேதியிட்டு. அது போதாமல், 2018இல் அந்த முன்தேதியை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னுக்குத் தள்ளியது. 42 ஆண்டுகள். சொற்பொருள் மாற்றம் என்பது தலைமுறைகளினூடே மெல்ல நிகழ்வது என்று வரலாற்று மொழியியல் கற்பிக்கிறது. ஒரே ஒரு வரித்திருத்தத்தில் ஒரு சொல் நான்கு பதிற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிப் பொருள் மாறிய நிகழ்வை எந்தப் பாடநூலிலும் காண முடியாது.

அந்தச் சட்டத்திருத்தம் நிறைவேறிய 2018ஆம் ஆண்டில்தான், மே 22 அன்று, அதே வேதாந்தாவின் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் சென்ற மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தனர். ஆறாண்டுகள் கழித்து வெளியான பத்திரப் பட்டியலில் வேதாந்தாவின் பெயருக்கு எதிரே 400 கோடிக்கும் மேல் இருந்தது. இவ்விரண்டையும் ஒரு காரணகாரியக் கயிற்றால் கட்டிவிட எவரிடமும் சான்று இல்லை. கட்ட வேண்டிய தேவையும் இல்லை. உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் வலியுறுத்தியது இதுதான்: கொடுப்பவர் பெறுபவரின் மேசைக்கு அருகில் இருக்கை பெறுகிறார். கைம்மாறு கேட்காமலேகூட அந்த நெருக்கம் வேலை செய்யும்.

இப்போது இண்டிகநத்தத்துக்குத் திரும்பலாம். அங்கே எந்தக் கார்ப்பரேட்டும் இல்லை. சுரங்கம் இல்லை, ஆலை இல்லை, அணைத் திட்டம் இல்லை. 'கார்ப்பரேட் ஆதிக்கம்' பற்றிய நம் கட்டுரைகளில் இவ்வூர் இடம்பெறாததற்கு இதுவே காரணம். நாம் எப்போதும் நிறுவனம் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறோம். ஆனால் இந்த ஊரின் நோயே நிறுவனம் இல்லாமைதான். ஒரு சாலையால் இலாபம் ஈட்டக்கூடிய நிறுவனம் அதன் மறுமுனையில் இல்லையென்றால், அந்தச் சாலைக்காகச் சட்டத்தைத் திருத்த எவரும் இல்லை, இருக்கும் சட்டத்தை எடுத்துப் படிக்கக்கூட எவரும் இல்லை. பணம் அரசைச் சில இடங்களுக்கு இழுத்துச் செல்கிறது என்பது இந்தக் கதையின் பாதி. பிற இடங்களிலிருந்து அதை விலக்கி வைக்கிறது என்பது மறுபாதி. முதல் பாதியைத் தூத்துக்குடியில் காணலாம். இரண்டாவதைக் காண டோலி கட்டிக்கொண்டு மலையேற வேண்டும்.

கன்னடத்தில் வாக்களித்தலுக்கு 'மததானம்' என்று பெயர். (தமிழ்க் காதுக்கு அது வேறு பொருளில் ஒலிக்கும், அங்கே 'மத' என்றால் கருத்து.) வாக்காளர் தருவது தானம், நிறுவனம் தருவது தமிழில் நன்கொடை. இரண்டு மொழிகளும் இரண்டு செயல்களையும் கொடை என்றே அழைக்கின்றன. ஆனால் தானம் என்பது திரும்பக் கேட்கக் கூடாதது. கேட்டால் அது தானம் ஆகாது, பேரம் ஆகிவிடும். 'சாலை கொடுத்தால் வாக்கு' என்று மலைமக்கள் சொன்னபோது அதிகாரிகள் முதல் நகரத்து அறிஞர்கள் வரை பலருக்கும் எழுந்த முகச்சுளிப்பு இதனால்தான்: புனிதமான வாக்கை இவர்கள் பேரம் பேசுகிறார்களே! 7.5 விழுக்காட்டு வரம்பை எடுத்துவிடுங்கள் என்பதும் பேரந்தான். அதற்கு மட்டும் 'தேர்தல் நிதிச் சீர்திருத்தம்' என்று பெயர் சூட்டப்பட்டது.

மாதேஸ்வரன் காவியத்தைக் கேட்டறிந்தவர்களுக்குச் சங்கம்மையைத் தெரியும். காட்டுக்குப் புறப்படும் கணவன் நீலேகவுடன், தான் திரும்பும் வரை கற்புடன் இருப்பதாக வலக்கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். வதைக்கப்பட்ட பின்பும் மறுக்கிறாள். ஐயமுற்றவன் கேட்கும் உறுதிமொழியைத் தருவதில்லை என்னும் அந்த மறுப்பை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகள் பெண்ணின் தன்மதிப்பு என்று போற்றுகின்றன. சரியான போற்றுதல். அதே மலையில், அதே காவியத்தைப் பாடிக் கேட்டு வளர்ந்த ஊர் ஒன்று 2024இல் விரலில் மை வைத்துக்கொள்ள மறுத்தபோது, அது 'அரசியல் விழிப்புணர்வின்மை' ஆகிவிட்டது. வாக்காளர் விழிப்புணர்வு முகாம் நடத்தினால் சரியாகிவிடுமாம்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. மறைத்தால் இந்த வாதமே பொய்யாகிவிடும். மறுப்பவர்கள் ஏப்ரல் 26 அன்று சங்கம்மையைப் போல மட்டும் நடந்துகொள்ளவில்லை. நீலேகவுடனைப் போலவும் நடந்துகொண்டார்கள். வாக்களிக்க வந்தவர்கள் அருகிலுள்ள மெந்தாரேயைச் சேர்ந்த சோளகர்கள், மிகச்சில குடும்பங்கள். இண்டிகநத்தத்தார் பெரும்பாலும் பேடகம்பண லிங்காயத்துகள்; மலைக்கோயிலின் பூசை உரிமை அச்சமூகத்துடையது. வாக்களிக்க வந்த குற்றத்துக்காகச் சோளகர்கள் தாக்கப்பட்டனர். வேறிடத்தில் தங்களைக் குடியமர்த்துமாறு அவர்கள் பின்னர் அரசிடம் கேட்கும் நிலை வந்தது. அதே சாலையில்லா ஊர், அதே இருட்டு, அதே டோலி. இருந்தும் அடி விழுந்தது கீழே இருந்தவர் மேல். மேலே இருப்பவரை எட்ட முடியாத கோபம் பக்கத்துக் குடிசைக்குப் போவது இந்த நாட்டில் புதிதன்று. இயந்திரம் உடைந்ததைக் கொண்டாடிய நகரத்துப் புரட்சியாளர் சிலர் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றார்கள். சோளகர்கள் வாக்களிக்க வந்ததைக் காட்டி 'பாருங்கள், பழங்குடியினர் ஜனநாயகத்தின் பக்கம்' என்று எழுதியவர்களும் அவ்வளவே நேர்மையற்றவர்கள். அச்சம், நம்பிக்கை, அதிகாரிகளின் வற்புறுத்தல், அண்டையாரோடு பழைய மனத்தாங்கல் என எது அவர்களைச் சாவடிக்கு அழைத்து வந்தது என்று யாரும் கேட்டுப் பதிவு செய்யவில்லை. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமைகளை வென்றெடுத்தவர்கள். நாட்டிலேயே அவ்வகையில் முதன்மையானது அது. அரசோடு எப்படிப் பேசுவது என்பதை அச்சமூகத்துக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

தேர்தல் முடிந்தது. மறுவாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 29 அன்றே, அத்தொகுதியின் அதுவரையிலான நாடாளுமன்ற உறுப்பினர் வி. சீனிவாச பிரசாத் காலமானார். ஜூனில், மாநில அமைச்சர் எச்.சி. மகாதேவப்பாவின் மகன் சுனில் போஸ் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 528 வாக்குகள் அந்தக் கணக்கில் எந்தத் தசமத்தையும் மாற்றியிருக்காது. இதையும் மலைமக்கள் அறிவர். எண்ணிக்கையால் எவரையும் அச்சுறுத்த முடியாதவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி, எண்ணவே விடாமல் தடுப்பது.

2025 ஏப்ரல் 24 அன்று, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, கர்நாடக அமைச்சரவை முழுவதும் மாதேஸ்வரன் மலையில் கூடியது. முதல்வரும் அமைச்சர்களும் வந்தார்கள். மைசூரு மண்டலத்துக்கான திட்டங்கள் ஆயிரக்கணக்கான கோடிகளில் அறிவிக்கப்பட்டன. மலையுச்சிக்கு நல்ல சாலை உண்டு. உண்டியல் எண்ணிக்கை மாதத்துக்கு இரண்டு கோடியைத் தாண்டும் கோயில் அது. 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட 108 அடி உயர மாதேஸ்வரன் சிலையும் அங்கே நிற்கிறது. அமைச்சர்களின் வாகனங்கள் அதனருகே வரிசையாக நின்றன. அங்கிருந்து இண்டிகநத்தம் சில கிலோமீட்டர் தொலைவுதான். ஜீப்பில் போகலாம், மழை பெய்யாதிருந்தால்.